காற்றாலைக்குக் கீழே உள்ள பசுமை யாருடையது?

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும் எவருடைய கண்ணிலும் முதலில் படுவன முப்பந்தலின் காற்றாலைகளே. இராதாபுரம், கயத்தாறு எனத் தென்மாவட்டங்களிலும், பல்லடம், உடுமலைப்பேட்டை எனக் கொங்குப் பகுதியிலும் அவை பரவி நிற்கின்றன. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புகையும் சாம்பலும் இல்லாத இம்மின்சாரம் தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சுவாசிப்போர் யார் என்பதை நாம் அறிவோம். ஆயினும், காற்றாலையைச் சுற்றியுள்ள புல்லும் பயிரும் என்னவாகின்றன, அந்தப் புல்லை நம்பி வாழ்வோர் யார் என்ற கேள்விகளைத் தூய்மை என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட இயலாது.

காற்றாலை மழை மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்ற பேச்சு கிராமங்களில் உண்டு. அதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் தரையின் வெப்பம் மாறுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அதைத் தந்தவை செயற்கைக்கோள்கள்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வாடிய இலையும் வெற்று மண்ணும் அவ்வாறு செய்வதில்லை. இவ்விரு ஒளிகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீடு. அமெரிக்காவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் பொருத்தப்பட்ட மோடிஸ் என்னும் கருவி இக்குறியீட்டை உலகம் முழுவதற்கும் பதிவு செய்துள்ளது. காற்றாலை அமைவதற்கு முன்னும் பின்னும் குறியீடு எவ்வாறு மாறியது, அதே மண்ணும் மழையும் உடைய காற்றாலை இல்லாத பக்கத்து நிலத்தில் எவ்வாறு மாறியது என்று ஆய்வாளர்கள் ஒப்பிடுகின்றனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே காற்றாலையின் பங்காகக் கொள்ளப்படுகிறது.

அமெரிக்காவின் மேற்கு-மத்திய டெக்சாசில் 2003 முதல் 2011 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2012 இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வெளியானது. காற்றாலைகள் பெருகிவந்த அக்காலத்தில், சுற்றுப்புறத்தை ஒப்பிட, காற்றாலைப் பகுதியின் தரை வெப்பம் பத்தாண்டுக்கு 0.72 டிகிரி செல்சியஸ் வரை உயரும் போக்கு காணப்பட்டது. அந்த உயர்வு பெரிதும் இரவில் நிகழ்ந்தது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். சுழலும் இறகுகள் அவ்விரண்டையும் கலந்து, மேலுள்ள வெப்பத்தைக் கீழே இறக்குகின்றன. காற்றாலை புதிதாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது.

இம்மாற்றம் தாவரத்தைப் பாதிக்கிறதா? டெக்சாசிலும் இல்லினாயிலும் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில் பசுமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு வட சீனாவின் பாஷாங் புல்வெளிப் பகுதியைப் பற்றியது. அங்கே தரை வெப்பம் உயர்ந்து, மண்ணின் ஈரம் குறைந்து, இலைப்பரப்பும் பசுமையும் சரிந்திருந்தன. ஒரே கருவி, ஒரே வகைக் கணக்கு. விடைகள் மட்டும் வேறு. நிலத்துக்கு நிலம் மண்ணும் மழையும் தாவரமும் வேறுபடுவதால், ஓரிடத்து விடையை இன்னோரிடத்திற்கு நற்சான்றிதழாக நீட்ட முடியாது.

தென்மாவட்டங்களின் பருவத்தை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றாலைகள் மிகுதியாகச் சுழல்வது வைகாசி முதல் புரட்டாசி வரை. மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசியும் கம்பும் விதைக்கப்படுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. எனவே ஆடிக் காற்று வீசும்போது அந்நிலத்தில் பெரும்பாலும் பயிர் இருப்பதில்லை. தரிசிலும் புறம்போக்கிலும் எஞ்சிய புல்லும் உடைமரமும்தான் இருக்கின்றன. அக்காலத்தில் பசுமை குறைந்தால் இழப்பு நேர்வது பட்டாதாரரின் விளைச்சலுக்கு அன்று. நிலமற்றவர் மேய்க்கும் ஆட்டுக்கு. பட்டாதாரருக்கு நிலவிலையோ குத்தகையோ கிடைக்கும். ஆடு மேய்ப்பவருக்கும் சுள்ளி பொறுக்கும் பெண்ணுக்கும் எந்த ஆவணத்திலும் பெயர் இல்லை. நிலமற்றோரில் தலித் மக்கள் எத்தனை பேர் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

சட்டம் இவர்களைக் கேட்கிறதா? 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலை இடம்பெறவில்லை. ஆகவே மதிப்பீடும் இல்லை, பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. 2016 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றாலையை மாசற்ற தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவில் சேர்த்தது. புகைபோக்கி இல்லாத தொழிலுக்குப் பாதிப்பும் இராது என்பதே இவ்விரண்டின் அடிப்படை. பாஷாங் ஆய்வு அந்த அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்துகிறது.

செயற்கைக்கோளுக்கும் ஓர் எல்லை உண்டு. மோடிஸ் பசுமையை அளக்கும் மிகச் சிறிய கட்டமே 250 மீட்டர் நீள அகலம் உடையது. அதாவது 15 ஏக்கருக்கும் மேல். ஒரு குடும்பத்தின் ஒன்றிரண்டு ஏக்கர் நிபந்தனைப் பட்டா நிலம் வாடினாலும், பக்கத்துத் தோட்டத்தின் பசுமையோடு சேர்ந்து சராசரியில் கரைந்துவிடும். ஊர்க் கணக்கில் சேரி மறைவதைப் போன்றதே இதுவும். ஆனால் 2015 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 10 மீட்டர் கட்டங்களில், ஏறத்தாழ இரண்டரை சென்ட் அளவில், பசுமையைக் காட்டுகிறது. அதன் படங்கள் எவருக்கும் இலவசம். புல எண் வரைபடத்தை அதன்மேல் பொருத்திப் பார்க்கக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் ஒரு கணினி இருந்தால் போதும். காற்றாலைக்காகப் போடப்பட்ட சாலை எந்த ஓடையை மறித்தது, எந்த மேய்ச்சல் புறம்போக்கு மறைந்தது என்பது தேதியோடு வெளிப்படும்.

அந்தச் சான்றைக் கொண்டு செல்ல இப்போதே வாயில்கள் உள்ளன. 1892 இல் தொடங்கிய பஞ்சமி நில ஒப்படைப்பின் நிபந்தனைப்படி, அந்நிலத்தைப் பத்தாண்டு கழிந்த பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதோருக்கு மாற்ற இயலாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவு, நிலத்தின் மீதும் நீரின் மீதும் அவர்களுக்குள்ள உரிமையை முறைகேடாகத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 இல் ஆணையிட்டது.

இவை போதுமானவை அல்ல. பெரிய காற்றாலைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். மேய்ச்சலையும் விறகையும் நம்பி வாழ்வோர் பாதிக்கப்படுவோர் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். திட்டத்திற்கு முந்தைய பசுமைப் பதிவு கிராமசபையில் வைக்கப்பட வேண்டும். வானிலிருந்து பசுமையை அளக்க முடிகிற காலத்தில், அந்தப் பசுமையை நம்பி வாழ்வோரை எண்ண முடியாது என்று எந்த அரசும் கூற இயலாது.