உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் ஏற்ற ஒரு பாவித்த வான்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்துகொண்டு, காலிக்கோ கற்பிட்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சைக்கிளைக் கொண்டுபோய் ஓட ஆசைப்படுகிறவர்கள் பலர். அவர்களுக்குப் புது வாகனம் தேவையில்லை. நல்ல உடம்புள்ள பழைய வான் ஒன்று போதும். அதைத் தேடும்போது உதவக்கூடிய தகவல்கள் இவை.

● தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை அதுதான். அதில் சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி எதுவும் ஓட முடியாது. காலிக்கு அந்த வழியாகச் சைக்கிள் போய்ச்சேர வேண்டுமானால் வாகனத்தில் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

● பெரியவர்கள் ஓடும் சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 170 சென்ரிமீற்றர். இரண்டு சில்லுகளின் அச்சுகளுக்கு இடையில் ஒரு மீற்றர், முன்னும் பின்னும் அரைச் சில்லு 34 சென்ரிமீற்றர் வீதம் என்று கணக்குப் பாருங்கள். முன்சில்லைக் கழற்றினால் 135 அளவில் வந்து நிற்கும். வான் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் இருக்கவேண்டிய எண்கள் இவை இரண்டும்தான்.

● சுசுகி எவ்ரி, டைஹட்சு ஹைஜெட் இரண்டும் ஜப்பானின் 'கேய்' வகை வாகனங்கள். 1998இல் அந்நாடு வகுத்த எல்லைப்படி இவ்வகையின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் உயரம் 2 மீற்றரையும் தாண்டக்கூடாது. என்ஜின் 660 சிசிக்குள் அடங்கவேண்டும். ஜம்பட்டா வீதியின் பக்க ஒழுங்கைகளுக்குள் நுழைந்து திரும்ப இந்த அளவு பெரிய உதவி.

● வெளியே சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே இடம் தாராளம். 2015இல் வந்த எவ்ரி டிஏ17வியில் பின்சீற்றை மடித்தால் தளத்தின் நீளம் 1.91 மீற்றர், உள் உயரம் 1.24 மீற்றர். சில்லைக் கழற்றாமலே சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தலாம். பழைய மாதிரிகளில் இந்த அளவுகள் மாறும். பின்கதவின் வாய் உள் உயரத்தைவிடத் தாழ்ந்திருக்கும் என்பதால் அதையும் தனியாக அளக்கவேண்டும்.

● மாதிரி இலக்கத்தின் கடைசி எழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? டிஏ64வி, டிஏ17வி என்று 'வி'யில் முடிந்தால் அது சாமான் ஏற்றும் வான். 'டபிள்யூ'வில் முடிந்தால் ஆட்கள் சொகுசாகப் போகும் வேகன். வேகனின் பின்சீற் தடிப்பானது. வானின் சீற் மெல்லியது, மடித்தால் தளத்தோடு படிந்துவிடும். சைக்கிளுக்கு 'வி'தான் நல்லது.

● டிஏ17வியில் இருவர் அமர்ந்துகொண்டு 350 கிலோ வரை ஏற்றலாம். ஒரு சைக்கிள் 15 கிலோ என்றால் நான்குக்கு 60 கிலோதான். எனவே பாரத்தைப் பற்றிய கவலை வேண்டாம். இடம்தான் கணக்கு.

● மாருதி ஒம்னி 1984இல் இந்தியாவில் அறிமுகமானது. 796 சிசி என்ஜின், 3.37 மீற்றர் நீளம். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019இல் உற்பத்தி நின்றது. கொழும்புக்குள் மெதுவாக ஓட உதவும். நெடுந்தூர வேகப் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஓடுபவரின் காலுக்கு முன்னால் மோதலைத் தாங்கும் இடம் மிகக் குறைவு.

● 1989இல் வந்த டொயோட்டா ஹைஏஸ் வடிவத்தைத்தான் நம் நாட்டில் 'டொல்பின்' என்கிறார்கள். ஐந்தாறு சைக்கிளோடு குழுவாகப் போகிறவர்களுக்கு அது பொருத்தம். ஆனால் அகலம் 1.69 மீற்றர். புதிய ஹைஏஸ்களில் உயர்கூரை உள்ளவை 2.2 மீற்றருக்கும் மேல் உயரமானவை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசிக்கிறவர்கள் நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் வாசலில் எழுதியிருக்கும் உயர அளவை முதலில் படிக்கவேண்டும்.

● ஐரோப்பியர் இதே தேவைக்குத் தேடுவது 1996இல் வந்த சிற்றொயென் பெர்லிங்கோவையும் 1997இல் வந்த ரெனோ கங்கூவையும். நமக்கு அவை சரிவராது. பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் கிடைக்கும் வாகனமே மலிவான வாகனம். வாங்குமுன் அங்கே ஒருமுறை நடந்து, நீங்கள் நினைத்திருக்கும் மாதிரியின் சாமான்களுக்கு விலை கேளுங்கள்.

● மரைன் டிரைவ் பக்கம் வருடக்கணக்காக நின்ற வாகனத்தை உப்புக்காற்று கீழிருந்து தின்னும். மேலே பெயின்ற் மினுங்கும், அடியில் கறள் பிடித்திருக்கும். இழுகதவு ஓடும் தண்டவாளம், கதவுக்குக் கீழுள்ள படி, சில்லு வளைவுகள், தரைவிரிப்பின் அடி ஆகிய நான்கையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். என்ஜினைத் திருத்தலாம். கறள் ஊறிய உடம்பைத் திருத்தச் செலவழித்து முடியாது.

● எவ்ரியின் என்ஜின் முன்சீற்றுக்கு அடியில் இருக்கிறது. சீற்றைத் தூக்கிப் பார்க்காமல் எண்ணெய்க் கசிவு தெரியாது. என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் தண்ணீரைச் சோதியுங்கள். அதில் எண்ணெய் மிதந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

● 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்தது. வெள்ளத்தில் நின்ற வானைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆசனப்பட்டியைக் கடைசிவரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் அது சாட்சி சொல்லும்.

● ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்தநாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ தேயாத ரயரும் வயதாகி வெடிக்கும்.

● 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களின் விலை ஏறியது. ஆகவே ஆண்டையும் விலையையும் மட்டும் வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். நம்பிக்கையான மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிச்செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

● 'ஓப்பன் பேப்பர்' என்று சொல்லி, பெயர் மாற்றாத வானைக் கைமாற்றுவது இங்கே வழக்கம். அதை ஏற்காதீர்கள். வாகனப் பதிவுச் சான்றான சிஆர் புத்தகத்தில் உள்ள பெயரும் அடிச்சட்டக இலக்கமும் விற்பவரின் அடையாள அட்டையோடும் வானோடும் பொருந்தவேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் பாருங்கள். அது இல்லாமல் வருடாந்த வரிப்பத்திரம் எடுக்க முடியாது.

● சைக்கிளைப் படுக்கவைப்பதானால் இடப்பக்கமாகப் படுக்கவையுங்கள். சங்கிலியும் கியரும் வலப்பக்கத்தில் இருக்கின்றன. எண்ணெய் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சில்லைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே மட்டைத்துண்டு ஒன்றைச் செருகுங்கள். எப்படி ஏற்றினாலும் பட்டி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் கட்டாத சைக்கிள் முன்சீற்றில் இருப்பவரின் கழுத்தைத் தாக்கும்.

● எல்லாவற்றுக்கும் மேலான பரிசோதனைக்குக் காசே செலவில்லை. வான் பார்க்கப் போகும்போது உங்கள் சைக்கிளையும் கொண்டுபோங்கள். விற்பவர் முன்னிலையிலேயே ஏற்றிப் பாருங்கள். உள்ளே நின்று, பின்கதவும் தடையில்லாமல் மூடினால், அதன்பிறகு விலை பேசத் தொடங்குங்கள்.