ஏலமலையில் இரண்டாம் பள்ளிக்கூடம்



சில ஆண்டுகளுக்கு முன் உடும்பஞ்சோலைப் பகுதியில் ஒரு தோட்டக் குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் தயங்கித் தயங்கி அருகில் வந்து தம்முடைய கைப்பேசியை நீட்டினார். “பாஸ்டர் ஐயா, மகன் என்னமோ அனுப்பியிருக்கான். என்னன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர். மலையில் தொடர்பு சரியாகக் கிடைக்காததால் எழுத்தில் அனுப்பியிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், ஜெபித்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தார். செய்தி வந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. குழந்தை அதற்குள் சுகமாகி வீடு திரும்பிவிட்டது. ஆனாலும், “மூணு நாளா இது என் மடியிலேயே இருந்திருக்கே” என்று சொல்லி அந்தத் தாய் கண்ணீர் விட்டது இன்றும் என் மனதை விட்டு அகலவில்லை.

இது நடந்தது, முழு எழுத்தறிவு பெற்றதாக நாடெங்கும் புகழப்படும் கேரள மாநிலத்தில் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அறிவொளி ஏற்றிய வரலாறு

கேரளத்தின் எழுத்தறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1945ஆம் ஆண்டில் பி. என். பணிக்கர் என்ற ஆசிரியர் திருவிதாங்கூரின் கிராம நூலகங்களை ஒரு சங்கமாக இணைத்தார். 1977இல் பள்ளிக்கு வெளியே உள்ளவர்களின் கல்விக்காக ‘கான்ஃபெட்’ என்ற அமைப்பையும் தோற்றுவித்தார். 1995 ஜூன் 19 அன்று அவர் மறைந்தார். அந்நாள் அங்கே வாசிப்பு தினமாக அனுசரிக்கப்படுகிறது.

1989இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகமும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து வீடு வீடாகச் சென்று எழுத்தறியாதோரைத் தேடினார்கள். 1990 பிப்ரவரியில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே முயற்சி மாநிலமெங்கும் பரவி, 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் கேரளம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. அதை அறிவித்தவர் ஓர் அமைச்சர் அல்லர். புதிதாக எழுத்துக் கற்ற, மலப்புறத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற மூதாட்டி.

அதே 1991இல் தமிழகத்தின் புதுக்கோட்டையிலும், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் ஒரு திருவிழாவைப் போல நடந்தது. கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டதை நம்மில் அநேகர் அறிவோம்.

கைவிட்டால் மறையும் எழுத்து

ஆனால், ‘முழு எழுத்தறிவு’ என்பது நூற்றுக்கு நூறு பேரைக் குறிப்பதன்று. தொண்ணூறு பேர் தேறினாலே அவ்வாறு அறிவிப்பது வழக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தின் எழுத்தறிவு சுமார் 94 விழுக்காடு. இடுக்கி மாவட்டத்தில் சுமார் 92. எஞ்சியிருப்போர் யார்? முதியோர், பழங்குடியினர், தோட்டத் தொழிலாளர்.

வேறொரு இடரும் உண்டு. முதிர்வயதில் கற்ற எழுத்து, நாள்தோறும் பயன்படாவிட்டால் நினைவை விட்டு நழுவிவிடும். 1991இல் கையெழுத்திடக் கற்றவர்களில் பலர் மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்பினார்கள். ஆகவேதான் கற்பித்து முடித்தால் போதாது, தொடர்ந்து கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1998இல் உருவான கேரள மாநில எழுத்தறிவு இயக்க ஆணையத்தின் கீழ் ஊர்தோறும் தொடர்கல்வி மையங்கள் இயங்கலாயின. அவற்றை நடத்தும் ஊக்குநர்களைப் ‘பிரேரக்’ என்று அழைக்கிறார்கள்.

என்னென்ன கற்கலாம்?

முதற்படி எழுத்தறிவு வகுப்பு. அதன்பின் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு ஆகியவற்றுக்குச் சமமான தேர்வுகள். மலைமக்கள் இவற்றைத் ‘துல்யதா’ என்றே சொல்லுகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு 17 வயதும், மேல்நிலைக்கு 22 வயதும் நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. உழைப்பவர்களுக்கு வசதியாக வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் நடைபெறுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழ்வழியிலும் எழுதலாம் என்பது எல்லைப்புறத் தமிழருக்குப் பெரிய ஆறுதல். தேறியவர் மேற்படிப்புக்கும் அரசுப் பணித் தேர்வுக்கும் தகுதி பெறுகிறார்.

கேரள மண்ணில் வாழும் தமிழருக்கு இரண்டு எழுத்துகள் தேவைப்படுகின்றன. வீட்டில் தமிழ், பேருந்துப் பலகையிலும் பஞ்சாயத்துத் தாளிலும் மலையாளம். இதற்கெனப் ‘பச்சமலையாளம்’ என்ற சான்றிதழ்ப் படிப்பும் அவ்வாணையத்தால் நடத்தப்படுகிறது.

ஏலக்காட்டின் நாட்காட்டி

இத்தனை வாசல்கள் திறந்திருந்தும் அந்தத் தாய் ஏன் உள்ளே செல்லவில்லை? ஏலச்செடியைப் பார்த்தவர்கள் காரணத்தை அறிவார்கள். காய்கள் செடியின் அடியில், மண்ணை ஒட்டிய சரத்தில் காய்க்கும். ஆடி தொடங்கித் தை வரை, பழுத்ததைத் தேடித்தேடி, நாள் முழுதும் குனிந்தே எடுக்க வேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் வேலை முடித்து வருகிறவருக்கு ஞாயிறு ஒன்றே துணி துவைக்கவும் ஓய்வெடுக்கவும் கிடைக்கும் நாள்.

போடி, கம்பம், தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி, மாலையில் இறங்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். 2011இல் தேனி மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 77 விழுக்காடே. ஊரில் வகுப்பு நடக்கும் நேரத்தில் அவர்கள் மலையில் இருக்கிறார்கள். மலையில் வகுப்பு நடக்கும் நாளில் ஊரில் இருக்கிறார்கள்.

எழுத்தறியாமையின் விலை கடிதத்தோடு முடிவதில்லை. பூச்சிமருந்துப் புட்டியில் ஒட்டப்பட்ட முக்கோணம் சிவப்பானால் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என நச்சு குறைந்துகொண்டே வரும். நிறத்தைக் கண் காணும். அதனருகே அச்சிட்ட எச்சரிக்கையை வாசிக்கத் தெரிந்தவரே அறிவார். எடைச்சீட்டும், கடன் தாளும் அப்படியே.

வயது தடையன்று

ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018இல் தம் 96ஆம் வயதில் ‘அக்ஷரலக்ஷம்’ தேர்வெழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020இல் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்ற அவர், 2023இல் தம் 101ஆம் வயதில் காலமானார். வறுமையால் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையற்காரராக உழைத்த மலையாளத் திரைப்பட நடிகர் இந்திரன்ஸ், 2024இல் ஏழாம் வகுப்புத் துல்யதாவில் தேறினார். புகழ் பெற்ற பின்னும் மாணவனாக அமர அவர் வெட்கப்படவில்லை.

நகரத்தில் இருக்கும் நமக்கு

அன்பானவர்களே, நம்மில் எத்தனை பேர் பெற்றோரை மலையிலும் கிராமத்திலும் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்திருக்கிறோம்! மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். நல்ல கைப்பேசி வாங்கிக் கொடுக்கிறோம். அதில் வருவதை அவர்களால் வாசிக்க முடிகிறதா என்று கேட்டதுண்டா? ஊருக்குச் செல்லும்போது ஒரு நாள் மெனக்கெட்டு, பஞ்சாயத்து அலுவலகத்தில் தொடர்கல்வி மையத்தை விசாரித்து, தாயின் பெயரைப் பதிவு செய்யுங்கள். தமிழகத்தில் இருப்போருக்கு, 15 வயதைக் கடந்த எழுத்தறியாதவர்களுக்கென 2022இல் தொடங்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் உண்டு.

எட்டோடும் ஒன்பதோடும் படிப்பை நிறுத்தி வேலைக்கு வந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்பைத் தமிழ்வழியிலேயே வேலை செய்துகொண்டே எழுதலாம்.

அந்தத் தாய் பிற்பாடு எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார். காய் எடுப்புக் காலத்தில் நின்றார். பங்குனியில் மறுபடியும் சென்றார். தேர்வு இன்னும் எழுதவில்லை. கடைசியாகப் பார்த்தபோது கைப்பேசியைத் தாமே திறந்து, மகன் அனுப்பியதை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். “சாப்பிட்டியா அம்மா” என்பதே அச்செய்தி. அதை வாசித்து முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. நான் குறுக்கிட்டு உதவவில்லை; அவரும் கேட்கவில்லை.