பெட்டிக்குள் உறங்கலாமா ஏடு?

'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது, தோழர்களே! இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை. இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லுமே, அந்த அதியமானின் ஊர்! அவன் கோட்டையைச் சேரன் வளைத்து வென்ற போரைப் பற்றிய நூல் அது. வென்றவனுக்குத் 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. நூல் நிலைக்கவில்லை! கரையான் அரித்ததா, வெள்ளத்தில் விட்டார்களா, அடுப்பெரித்தார்களா, யார் கண்டது? புறத்திரட்டு என்ற தொகைநூலில் சில பாடல்கள். உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய இடங்களில் சில. மிச்சம் அவ்வளவே.

அந்தச் சில பாடல்களாவது எப்படிப் பிழைத்தன? படித்தான் ஒருவன், சுவைத்தான், மறுபடி படித்தான், மற்றவனும் படிக்கட்டும் என்று எடுத்தெழுதி வைத்தான். அவன் கைவண்ணத்தால் பிழைத்தன!

இதைத் தருமபுரித் தோழர்களிடம் சொல்லக் காரணம் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பாரப்பட்டி, எங்கே போனாலும் கட்சியில் தலைநரைத்தவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியோ, சுவரில் அடித்த பலகைத் தட்டோ காணலாம். மாநாட்டுப் பந்தலில் வாங்கிய மலிவு விலை வெளியீடுகள், கோணி ஊசியால் தைத்துக் கட்டிய கிழமை இதழ்கள், அட்டை போன நாவல்கள்! ஒவ்வொன்றும் கூலியில் பிய்த்துக் கொடுத்த பங்கு. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்த தலைமுறையின் தேட்டம் அது.

சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-இல் தனி மாவட்டமானது தருமபுரி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவு நூற்றுக்கு 68.5. மாநிலத்துக்கு 80! தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அன்று கடைசி இடம் இதற்குத்தான். அப்படிப்பட்ட மண்ணில், கல்லுடைத்தும் வண்டியோட்டியும் ஈட்டிய காசில் ஒருவர் ஐம்பது புத்தகம் சேர்த்தார் என்றால், சீமான் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பிரிக்கப்படாமல் பளபளக்கும் ஐந்நூறோடு அதை ஒப்பிடவும் மனம் வருமோ?

"எல்லாம் படித்து முடித்ததுதானே, இன்னும் எதற்கு அடைத்துக்கொண்டு கிடக்கிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நேற்று உண்ட சோற்றை இன்றும் உண்கிறாயே என்று மடக்கலாம். அது வெறும் வாய்ச்சாலகம். உண்மை வேறு. கார்க்கியின் 'தாய்' 1906-இல் வந்த நாவல். ரகுநாதன் தமிழில் தந்தது. இருபது வயதில் அதைப் படித்தபோது என் கண்ணில் நின்றவன் மகன் பாவெல். கொடி பிடித்துப் போகிறானே, அந்த மிடுக்கு! பிள்ளை பெற்று, அவன் ஆலை வாயிலில் வேலைநிறுத்தத்துக்கு நின்ற நாளில் மறுபடி எடுத்தேன். கதவைப் பார்த்தபடி காத்திருக்கும் தாய்தான் பக்கமெல்லாம் தெரிந்தாள். அச்சு மாறவில்லை. படித்தவன் மாறியிருந்தேன். முதல் தடவை படித்ததோடு அதை எவனுக்காவது கொடுத்துத் தொலைத்திருந்தால், பாதிப் புத்தகம்தான் எனக்குக் கிடைத்திருக்கும்.

மறைமலை அடிகளைப் பாருங்கள். சுயமரியாதை இயக்கத்தோடு சொற்போர் நடத்தியவர்தாம், மறக்கவில்லை. ஆனால் படிப்பென்றால் அவரிடம் கற்க வேண்டும்! பல்லாவரத்து வீட்டில் ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் சேர்த்தார். அடிக்கோடிட்டும் ஓரத்தில் குறிப்பெழுதியும் படித்தார். 1950-இல் மறைந்தார். 1958-இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரால் நூல்நிலையம் திறந்தார்கள். வீட்டு நூல் நாட்டு நூலாயிற்று!

அவர் பெரும்புலவர் என்பீர்கள். சரி, கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கு வருவோம். காரைக்குடிப் பக்கத்துக்காரர். தொழில்? கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுவது! தூரிகை பிடித்த கை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பழந்தமிழ் அச்சேடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தது. நூல்கள் மட்டுமா? இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், யாரும் குப்பையென்று ஒதுக்குபவை எல்லாம்! மொத்தம் ஒரு லட்சம் உருப்படிகள் என்கிறார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்து, அவர் திண்ணையில் காத்திருந்து படித்தார்கள். 1992-இல் அவர் மறைந்ததும், தொகுப்பு சிதறிவிடுமோ என்ற அச்சம். 1994-இல் விலை கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம்! நல்லவேளை, கப்பலில் ஏற்றிவிடவில்லை; சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். நன்றி சொல்வோம். ஆனால், தமிழன் சேர்த்த தமிழ் ஏட்டுக்குச் சிகாகோவா காப்பாளன் ஆக வேண்டும் என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது எனக்கு!

நம் தோழரின் தகரப் பெட்டியை வாங்கச் சிகாகோ வரப்போவதில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் பிழைப்பு நடத்துகிறார்கள். பத்தடி வாடகை அறையில் அப்பாவின் பெட்டிக்கு எங்கே இடம்? காரியம் முடிந்த மறுநாள் எடைக்குப் போடுகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அரசு நூலகம் இருக்கிறதே என்பீர்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். உரிமையோடு உள்ளே போய்ப் படியுங்கள். ஆனால் பந்தலில் விற்ற எட்டுப் பக்க வெளியீட்டையும், ஓரத்தில் பென்சிலால் "இது பொய்" என்று ஒரு கல்லுடைப்பவர் எழுதிய குறிப்பையும் அங்கே தேடினால் கிடைக்காது.

ஆகவே, படிப்பகம் நடத்தும் இளந்தோழர்களே! ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகப் பெயர் எழுதுங்கள். எதை அதிகத் தடவை படித்தீர்கள் ஐயா, ஏன் படித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அந்தப் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரவல் கேளுங்கள். தயங்குவார், தயங்கத்தான் செய்வார், இரவல் போய்த் திரும்பாத கதை அவருக்கு நிறையத் தெரியும்! முதலில் ஒன்றை வாங்கிப் படித்து, சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். அடுத்ததை அவரே எடுத்து நீட்டுவார். இதையெல்லாம் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் நாளிலேயே செய்யுங்கள். இழவுப் பந்தல் பிரிக்கும் அன்று போனால், பழைய பேப்பர்க்காரர் தராசோடு உங்களுக்கு முன்னே வந்து நிற்பார்.