ஆழமில்லா நீருக்கு ஏற்ற படகு

பால்டிக் கடலின் தென்கிழக்குக் கரையில் லிதுவேனியாவும் ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் பெரிய காயல் ஒன்று உண்டு. குர்ஷியக் காயல் என்று பெயர். பரப்பு ஏறத்தாழ 1,600 சதுர கிலோமீட்டர். கடலையும் காயலையும் பிரிப்பது 98 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய மணல்திட்டு. நெமுனாஸ் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர் அத்தனையும் வடகோடியில் கிளைப்பேடா நகரை ஒட்டிய ஒரே முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. இவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பின் சராசரி ஆழமோ 4 மீட்டருக்கும் குறைவு. அங்கே பாய் விரித்து மீன்பிடித்த படகின் பெயர் குரேனஸ். ஜெர்மானியர்கள் குரென்கான் என்பார்கள். ஓக் மரத்தில் கட்டியது, 10 முதல் 12 மீட்டர் நீளம், தட்டையான அடிப்பகுதி, இரு பக்கமும் தொங்கும் அகன்ற பலகைகள். ஆழ்கடல் கப்பல்களின் வளைவுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கைதேராத தச்சனின் வேலையாகத் தெரியலாம். இந்தப் படகைப் பழமையின் மிச்சமாகவே பலர் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை தவறு. ஒரு குறிப்பிட்ட நீரின் குணத்தைத் தீர அறிந்தவர்கள், அந்த நீருக்கென்றே கணக்குப்போட்டுச் செய்த கருவி இது.

முதலில் அந்த நீரைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆழமான கடலில் அலைகள் நீண்டு, உருண்டு வரும். படகு ஏறி இறங்கிப் போய்விடலாம். ஆழம் குறைந்த இடத்தில் பலமான காற்று அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஒன்று கடப்பதற்குள் அடுத்தது வந்து மோதும். குர்ஷியக் காயல் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால் காற்று தடையின்றி ஓடிவந்து அலையை வளர்க்க நிறைய இடமிருக்கிறது. அதற்கு மேல் மணல்மேடுகள், ஆற்றுக் கழிமுகத்தின் வண்டல், நாணல் அடர்ந்த கரைகள். சராசரி 4 மீட்டர் என்றால் போதாதா, 2 மீட்டர் ஆழம் கேட்கும் படகும் அதில் மிதக்குமே என்று கேட்கலாம். சராசரியை நம்பிப் படகு கட்ட முடியாது. வலையைப் போட மேடுகளின் விளிம்புக்குப் போக வேண்டும். அலையின் பள்ளத்தில் படகு இறங்கும்போது அடியில் இருக்கும் நீர் மேலும் குறையும். பல ஊர்களுக்கு நல்ல துறைமுகம் கிடையாது, கரைக்கு ஒட்டி வந்து நிற்க வேண்டும். குரேனஸுக்கு முழங்கால் அளவு நீர், ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், இருந்தால் போதும். அதே நீளமுள்ள இன்றைய உல்லாசப் பாய்ப்படகு ஒன்றுக்கு, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரா காரணமாக, பெரும்பாலும் ஒன்றரை முதல் 2 மீட்டர் ஆழம் வேண்டும்.

இங்கே கடல் தெரிந்தவர்கள் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எழுப்புவார்கள். ஏரா இல்லாத தட்டைப்படகு காற்று தள்ளும் பக்கமெல்லாம் போகுமே தவிர, காற்றை எதிர்த்து ஒரு முழம்கூட முன்னேறாது என்பார்கள். அடிப்படையில் சரியான பேச்சு இது. பக்கவாட்டுக் காற்றில் பாய் படகை முன்னோக்கி இழுப்பதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தடுக்க நீருக்குள் ஏதாவது ஒரு செங்குத்துப் பரப்பு வேண்டும். குரேனஸின் இரு பக்கமும் தொங்கும் பலகைகளுக்கு அதுதான் வேலை. ஒவ்வொன்றும் மேல்முனையில் மட்டும் படகின் விளிம்போடு பிணைக்கப்பட்டிருக்கும்; கதவு கீலில் சுழல்வதைப்போல அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு இறங்கும், ஏறும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் பலகையைத்தான் நீரில் இறக்குவார்கள். காரணம் அழகானது. படகு காற்றின் போக்கில் பக்கவாட்டாக நழுவப் பார்க்கும்போது அந்தப் பக்கத்து நீர் பலகையைப் படகின் விலாவோடு சேர்த்து அழுத்துகிறது. சுமையை முழு விலாவும் தாங்கிக்கொள்கிறது, பிணைப்புக்குச் சிரமமில்லை. மறுபக்கத்துப் பலகையை இறக்கினால் அதே நீர் அதைப் படகிலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கும். ஆகவே காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக ஏறும்போது, திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பலகையைத் தூக்கி மற்றதை இறக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பலகையின் நுனி மணலில் தட்டும், பின்னோக்கிச் சுழன்று மேலேறும். படகு தரைதட்டுவதற்கு முன்பே ஓட்டுபவருக்கு அது எச்சரிக்கை. அசையாத ஏரா இப்படி எச்சரிக்காது. தட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆழமான ஏராவைவிட இந்தப் பலகை காற்றை எதிர்ப்பதில் சற்றுப் பின்தங்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பந்தயத்தில் ஓட அந்தப் படகு கட்டப்படவில்லை. வலை இழுப்பது அதன் வேலை. இரண்டு குரேனஸ் படகுகள் இணையாக ஓடி, நடுவே ஒரே வலையை இழுத்துச் செல்லும். ஒன்று முந்தினாலும் மற்றது பிந்தினாலும் வலையின் வாய் கோணிக்கொள்ளும், மீன் தப்பும். ஆக அங்கே மதிப்பு வேகத்துக்கு இல்லை, சீரான இழுவைக்குத்தான். அதற்குப் பெரிய பாயும், அந்தப் பாயைத் தாங்கி நிற்கும் அகன்ற உடலும் வேண்டும். தட்டை அடியின் அகலம் அந்த நிலைத்தன்மையைத் தருகிறது. விலாங்கும் பிரீம் மீனும் வலையோடு ஏறினால் கொட்டிவைக்க இடமும் தருகிறது.

இது டச்சுக்காரர்களிடமிருந்து வாங்கிய கலைதானே, குர்ஷியக்காரர்களின் திறமை இதில் என்ன என்பது இன்னொரு கேள்வி. பக்கப்பலகை நெதர்லாந்தின் ஆழமில்லாக் கடற்கரையில் நன்கு வேரூன்றிய உத்தி என்பது உண்மை. ஆனால் ஒரு உத்தியைக் கேள்விப்படுவதும் அதை வேறொரு நீருக்கும் வேறொரு வலைக்கும் பொருத்தி, உள்ளூர்த் தச்சர் கையில் கிடைக்கும் மரத்தில் செய்து முடிப்பதும் வேறு வேறு வேலைகள். எந்த ஊர்ப் படகுக் கலையும் அக்கம்பக்கத்தாரிடம் கற்றுக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறது. காயலைச் சுற்றி வாழ்ந்தவர்களே பல இனத்தார்: லிதுவேனியர், ஜெர்மானியர், லாட்விய மொழிக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசிய குர்ஷிய மீனவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே வகைப் படகில் வந்து சேர்ந்தார்கள் என்பதே அந்த வடிவம் நீரால் தீர்மானிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

குரேனஸை இன்று உலகம் அறிந்திருப்பது அதன் பாய்மர உச்சியில் சுழலும் வண்ணக் காற்றுத்திசைகாட்டியால். அதன் பெயர் வேத்ருங்கே. அலங்காரம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், தொடங்கியது சட்டத்தால். 1844-இல், பிரஷ்ய ஆட்சிக் காலத்தில், எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் பேர்போம் என்ற மீன்வள ஆய்வாளர் முன்னின்று ஒரு விதி வந்தது. ஒவ்வொரு ஊரின் படகும் அந்த ஊருக்கென்று குறித்த நிறத்திலும் வடிவத்திலும் அடையாளத்தைப் பாய்மரத்தில் ஏற்ற வேண்டும். மணல்திட்டு ஊர்களுக்குக் கறுப்பு வெள்ளை, கிழக்குக் கரைக்குச் சிவப்பு வெள்ளை, தென்கரைக்கு மஞ்சள் நீலம். யார் எந்த நீரில் வலை போடுகிறார்கள் என்பதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்க இது உதவியது. காயல் பெரியது, ஆனால் மீன் அளவற்றதன்று. மிதமிஞ்சிய பிடிப்பைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. பின்னர் மீனவர்கள் அந்தச் சட்டப் பலகையைச் சுற்றி வீடு, மரம், மனிதர், விலங்கு என்று மரத்தில் செதுக்கிச் சேர்த்தார்கள். கட்டாயமாகச் சுமத்தப்பட்ட ஒரு பொருளை இவ்வளவு ஆசையோடு தமதாக்கிக்கொண்ட அந்தக் கைகளை நான் மனமார மதிக்கிறேன்.

அத்தனை பொருத்தமான படகென்றால் ஏன் அழிந்தது? வடிவத்தில் குறையிருந்து அது தோற்றதாகச் சொல்ல இடமில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்தக் கரைகளின் மக்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். தந்தையிடம் மகன் கற்ற தொழிலின் தொடர்ச்சி அதோடு அறுந்தது. பின்வந்த சோவியத் காலத்தில் மீன்பிடிப்பு கூட்டுப்பண்ணைகளின் கைக்கும் இயந்திரப் படகுகளுக்கும் போனது. மோட்டார் வந்த பிறகு காற்றோடு பேரம் பேசத் தேவையில்லை, ஆகவே பக்கப்பலகைக்கும் தேவையில்லை. ஆழமில்லா நீருக்குத் தட்டை அடிதான் பொருத்தம் என்ற விடை மட்டும் அதனால் மாறிவிடவில்லை.

இன்று மணல்திட்டில் உள்ள நிடா போன்ற ஊர்களில் வேத்ருங்கே எங்கும் காட்சிக்கும் விற்பனைக்கும் இருக்கிறது. பழைய முறையில் புதிதாகக் கட்டிய சில குரேனஸ் படகுகளும் காயலில் பாய் விரிக்கின்றன. உச்சியில் சுழலும் வண்ணப்பலகையைச் செதுக்கக் கற்பவர்கள் கிடைப்பார்கள். எந்தக் காற்றில் எந்தப் பலகையை எப்போது இறக்குவது என்று கற்பவர்கள்தான் அரிது. மரபைக் காக்க ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த இரண்டாவது கல்விக்குப் போக வேண்டும்.