கொட்டாவி சொல்லும் சேதி

மூன்று வயதுக் குழந்தை வீட்டு நாயின் கழுத்தை இரு கையாலும் வளைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா செல்போனில் படம் எடுக்கிறார். "எவ்வளவு பாசம் பாருங்கள்!" என்று சொந்தக்காரர்கள் பூரித்துப் போகிறார்கள்.

அந்தப் படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். நாய் முகத்தை அப்பால் திருப்பியிருக்கிறது. அதன் கடைக்கண்ணில் வெண்விழி பிறைபோலத் தெரிகிறது. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன. நாக்கு நுனி மூக்கை நக்குகிறது. "கொஞ்சம் விடேன்" என்று அது கெஞ்சிக்கொண்டிருக்கிறது.

நாயின் பேச்சில் பெரும்பகுதி சத்தமில்லாதது. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் அந்தப் பேச்சை ஓர் ஏணியாக அடுக்கிக் காட்டினார். கீழ்ப்படிகளில் இருப்பவை கண் சிமிட்டுவது, மூக்கை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது. அடுத்து தலையைத் திருப்பும், உடம்பைத் திருப்பும், எழுந்து விலகிப் போகும். அதற்கும் வழியில்லாதபோது ஒடுங்கி, வாலைக் காலிடுக்கில் செருகும். பிறகு உடம்பு விறைக்கும், முறைக்கும், உறுமும். கடைசிப் படிதான் கடி. "திடீரென்று கடித்துவிட்டது" என்று நாம் சொல்லும் பல நேரங்களில் நாய் படிப்படியாகச் சொல்லிப் பார்த்திருக்கும்; அதைக் கவனிக்கத்தான் ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

வாலாட்டினால் மகிழ்ச்சி என்பதும் பாதி உண்மைதான். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நாய்களின் வாலசைவைப் படம்பிடித்து அளந்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்பக்கம் அதிகமாக வீசியது. மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் அதிகமாக வீசியது. மூளையின் இரு பாதிகளும் உணர்ச்சிகளைப் பங்கிட்டுக்கொள்வதன் அடையாளம் அது. ஆகவே வாலை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. உடம்பு தளர்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கோ இந்த மொழி பிறவியிலேயே தெரிவதில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் நாய்களின் படங்களைக் காட்டியபோது, பல்லைக் காட்டிச் சீறும் நாய் சிரிப்பதாகச் சிறு குழந்தைகள் பலர் சொன்னார்கள். மனித முகத்தில் பல் தெரிந்தால் சிரிப்புதானே! சிரிக்கும் நாயிடம் குழந்தை இன்னும் நெருங்கும், முத்தமிடக் குனியும். சிறு பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும் அதிகம் கடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடிப்பதும் பெரும்பாலும் தெரிந்த நாயே.

கட்டிப்பிடிப்பது மனிதக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான அன்பு மொழி. நாய்க்கு அது அப்படியல்ல. பயம் வந்தால் அதற்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் விலகி ஓடும் எண்ணம். கழுத்தைச் சுற்றிய கை அந்த வழியை அடைத்துவிடுகிறது.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடலாம். அதன் பயம் போகாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழலாம். உறுமல் கேட்டால் குழந்தையை மெல்ல விலக்கிவிட்டு, நாய்க்கு எது பிடிக்கவில்லை என்று யோசியுங்கள்.

குழந்தைக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து நாயை அழைக்கட்டும். அது தானாக வரட்டும். மார்பிலோ தோளிலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மூக்கால் கையை முட்டினால் இன்னும் தடவலாம். முகத்தைத் திருப்பினால் அத்தோடு விட்டுவிட வேண்டும். தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் கிட்டே போகவே கூடாது. சின்னக் குழந்தையும் நாயும் சேர்ந்திருக்கும் வரை, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

பல் பட்டாலோ நகம் கீறினாலோ "நம் வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ தடவ வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு உயிரைக் காப்பது அநேகமாக இயலாது.

இன்று மாலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உங்கள் நாயைப் பாருங்கள். காது எப்படி இருக்கிறது, வால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அது எழுந்து போனால், பின்னால் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.