தணலும் சஹனும்

பாடசாலை விடுமுறை தொடங்கி, கச்சான் காற்றும் வீசத் தொடங்கிவிட்டால், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் ஊர்களிலிருந்து வாலிபர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, பொத்துவில், அறுகம்பை, பாணமை என்று தெற்கு நோக்கிப் புறப்படுவது இப்போதெல்லாம் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. வேனின் கூரைமேல் ஏறும் சாமான்களைப் பார்த்தால், இவர்கள் ஓர் இரவு தங்கப் போகிறார்களா, அல்லது ஒரு கலியாண வீட்டையே இடம்பெயர்த்துக்கொண்டு போகிறார்களா என்ற சந்தேகம் காண்பவர்க்கு உண்டாகும். விரித்தால் தானே எழுந்து நிற்கும் கூடாரம், மடக்கு நாற்காலி, காஸ் அடுப்பு, இறைச்சி சுடும் கம்பித் தட்டு, ஐஸ் பெட்டி, பாட்டுப் பெட்டி ஆகிய இவ்வளவும் இருந்தும், இரவு பத்து மணிக்கு அரைவேக்காட்டுச் சோற்றையும் கருகிய கோழியையும் முன்னே வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலையே அவர்களிற் பெரும்பாலோருக்கு வாய்க்கிறது. உபகரணம் மிகுந்திருக்கிறது, நெருப்போடு பழகும் வித்தை குறைந்துபோயிற்று.

அந்த வித்தை நமக்கு அந்நியமானதன்று. வட்டையில் வாடி கட்டித் தங்கி வேளாண்மை செய்த ஜனங்கள் நாம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் உருவாகி, காடாய்க் கிடந்த நிலமெல்லாம் வயலாக மாறிய காலத்திலும், அதற்கு முந்திய காலத்திலும், முல்லைக்காரர்கள் விதைப்புத் தொடங்கிச் சூடு மிதித்து முடியும் வரையில் மாதக் கணக்காக வாடியிலேயே கிடந்தார்கள். பகலில் வயல் வேலை, இரவில் பரணில் யானைக் காவல் என்று கழிந்த அந்த வாழ்வுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனவை ஒரு சோற்றுப் பானை, ஒரு கறிச்சட்டி, ஒரு கத்தி, ஓர் அகப்பை, ஒரு பன்பாய், ஒரு லாந்தர், ஒரு பெட்டியில் அரிசியும் உப்பும் தூளும் கருவாடும். அறுவடை இயந்திரம் வந்து இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகும் இந்நாளில் வாடிவாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது; அதோடு அந்தச் சமையலும் வயோதிபர்களின் ஞாபகத்தில் ஒதுங்கிவிட்டது.

நெருப்பு விஷயத்தில் முதற் பிழை அவசரம். வாடிச் சமையலிலேயே தலைநரைத்த ஒரு காக்கா, தீ பற்றிய மாத்திரத்திலேயே சட்டியை ஏற்றப்போன வாலிபர் ஒருவரைத் தடுத்து, “பொறுங்க மகன், கொழுந்து அடங்கட்டும், தணல்லதான் சோறு வேகும், கொழுந்துல சட்டிதான் வேகும்” என்று சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். சுவாலை என்பது காற்று இழுத்த பக்கமெல்லாம் சாய்ந்து, பாத்திரத்தின் ஒரு புறத்தைக் கருக்கி, மறு புறத்தைப் பச்சையாக விட்டுவிடும் சுபாவமுடையது. தணலோ நின்ற இடத்தில் நின்று எல்லாப் புறத்துக்கும் சமமான சூட்டைக் கொடுப்பது. நல்ல விறகானாலும் மூட்டி அரை மணி, முக்கால் மணி நேரம் கழிந்த பின்னரே தணல் விழும் என்பதை உணர்ந்து, அஸர் தொழுதவுடன் நெருப்பு மூட்டுகிறவர் மஃரிபுக்குப் பின் ஆறுதலாக உண்பார்; மஃரிபுக்குப் பின் மூட்டுகிறவர் பசியோடு படுப்பார்.

எரிபொருளுக்காகக் காட்டுக்குள் நுழையவேண்டிய அவசியமே இல்லை. தென்னை ஒன்று போதும். பன்னாடையைக் கையால் கசக்கி, அதனுள் பொச்சுத் தும்பு சிறிது வைத்தால், ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். அதன்மேல் காய்ந்த ஓலை, அதற்குமேல் பாளையும் மட்டையும், அவை நன்றாக எரிந்து இறங்கிய பின் சிரட்டை என்பது முறை. சிரட்டையின் சூடு கடுமையானது. அதன் கரியே ஒரு காலத்தில் நம்மவரின் உடுப்பு மினுக்கும் பெட்டிகளையெல்லாம் சூடாக்கிற்று. பொச்சுமட்டையின் குணம் இதற்கு நேர்மாறு. அது சுவாலை விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, சுபஹுத் தேநீருக்கு வேண்டிய நெருப்பை இரவெல்லாம் காத்து வைத்திருக்கும். ஆகவே, புறப்படும்போது ஒரு சாக்குச் சிரட்டையும் ஒரு சாக்குப் பொச்சுமட்டையும் வேனில் ஏற்றிக்கொண்டால், அந்தப் பிரயாணத்தின் பாதிக் கவலை தீர்ந்தது. களப்போரத்துக் கண்ணா மரத்தில் கத்தி வைக்கிற பாவத்தையும் செய்யவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இன் சுனாமிக்குப் பின், அலையை மறிக்கும் அந்த மரத்தின் அருமையை நம் கரையோரத்தவர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

காற்றை அறிந்துகொள்வது அடுத்த காரியம். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வறண்டு வீசுவது. பின்னேரத்தில் சில வேளைகளில் கடற்காற்று அதை எதிர்த்து நிற்கும். ஒரு பிடி மணலைத் தோள் உயரத்திலிருந்து சிந்தவிட்டுத் திசையறிந்து, காற்று வரும் பக்கத்தில் வாய் சரிவாக இருக்கும்படி, ஒரு முழ நீளமும் ஒரு சாண் அகலமும் ஒரு சாண் ஆழமுமாக நிலத்தில் அடுப்பு வெட்டினால், விறகு பாதியாகக் குறையும், பொறியும் பறக்காது. கடல் மணலில் வெட்டினால் கரை சரியுமாதலால், சற்று உள்ளே தள்ளி இறுகிய நிலம் பார்த்து வெட்டுவது நலம். அடுப்புக்கல் தேடுகிறவர்கள் ஆற்றுக்குள் ஊறிக் கிடந்த கல்லை எடுத்து வைக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

சோற்றுக்கு வருவோம். அரிசியை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நீர் தளதளவென்று கொதித்த பின் இட்டு, நீர் அரிசியின் மட்டத்துக்கு வற்றியதும், கொள்ளிகளையெல்லாம் வெளியே இழுத்துவிட்டு, அடியில் மெல்லிய தணற்படுக்கை மாத்திரம் வைத்து, மூடியின் மேலும் நாலைந்து தணலைப் பரப்பி, கால் மணி நேரம் திறந்து பாராமல் இருக்கவேண்டும். இந்தத் திறந்து பாராமை என்னும் பொறுமையே நம் பிள்ளைகளுக்கு இல்லாதது! கந்தூரிக்குக் கிடாரம் கிடாரமாக ஆக்குகிறவர்களைக் கவனித்தவர்கள், நெருப்பைக் கூட்டுவதிலும் பார்க்க அதை வேளையறிந்து இழுத்துவிடுவதிலேயே அவர்களுடைய சாமர்த்தியம் முழுவதும் இருப்பதைக் கண்டிருப்பார்கள். மீனுக்குச் சட்டியே வேண்டாம். கரையில் வாங்கிய பாரையை இரண்டு பக்கமும் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகும் தேசிப்புளியும் தடவி, வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றித் தணல்மேல் பக்கத்துக்குப் பத்து நிமிடம் கிடத்தினால், இலை கருகும். மீன் தன் நீரிலேயே வெந்து பஞ்சுபோல் பிரியும். ஆணம் வைக்கிறவர்கள் முதற் பாலைச் சட்டியை இறக்கும் தறுவாயில்தான் விடவேண்டும். தணலின் சூட்டுக்குப் பால் திரைந்துவிடும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஏற்றுமுன் சவர்க்காரத்தை நனைத்துப் பூசிவிட்டால், கரியெல்லாம் ஒரே கழுவலில் போய்விடும்.

எடுத்துச் செல்லவேண்டிய சாமான்கள் என்று நான் ஒப்புக்கொள்பவை மிகச் சில. அடி கனத்த, இறுக்கமான மூடியுள்ள பானை ஒன்று. மெல்லிய அலுமினியம் தணலில் அடிப்பிடித்துவிடும். கத்தி ஒன்று, நீண்ட கைபிடியுள்ள அகப்பை ஒன்று. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றருக்குக் குறையாத நீர். பாணமையைக் கடந்து உகந்தைப் பக்கம் போகிறவர்கள், வழியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போவது புத்தியன்று. கூடாரம் விலையுயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் அதோடு வரும் ஆணிகள் நம் கரை மணலில் அரை மணி நேரமும் நில்லா. வெறும் உரப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதிற் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால், கச்சானும் அசைக்காது. தலையில் மாட்டும் விளக்கு இருந்தால் இரு கைகளும் சமையலுக்கு மிஞ்சும். குளிருக்கென்றோ நுளம்புக்கென்றோ தணற்சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைப்பவர் உயிரோடு விளையாடுகிறார். அடைத்த இடத்தில் தேங்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மற்றச் சாமான்கள் எல்லாம் ஆடம்பரம். வடக்கிலிருந்து கதிர்காமம் நோக்கிக் கால்நடையாக வந்து, உகந்தையில் கூடி, வனவாசல் திறந்ததும் குமண வழியாகக் காட்டுக்குள் இறங்கும் பாதயாத்திரிகர்களின் மூட்டையைப் பார்த்தவர்க்கு இது விளங்கும்.

காஸ் அடுப்புத்தான் உத்தமம், புகையுமில்லை, மரமும் பிழைக்கும் என்று வாதிப்பவர்கள் உண்டு. மழை நாளில் அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால், 2022இல் காஸுக்காக வெற்றுச் சிலிண்டர்களோடு வரிசையில் நின்று களைத்து, வீட்டுப் பின்வளவில் மூன்று கல்லைக் கூட்டிய நாட்களை நம் தாய்மார் இன்னும் மறக்கவில்லை.

இனி, இத்தனையிலும் பெரிதாக என் மனத்தை அரிக்கும் ஒன்று உண்டு. அது இந்தப் பிரயாணிகள் எதில் உண்கிறார்கள் என்பது. எட்டுப் பேர் போனால் எட்டு லஞ்ச் சீட், எட்டுப் பிளாஸ்டிக் கோப்பை, எட்டுக் கரண்டி, கறி கட்டிய பொலித்தீன் பைகள், தண்ணீர்ப் போத்தல்கள் என்று ஒரே வேளையில் ஒரு குவியல் எழுகிறது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீட்டுக்கும், 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி முதலியவற்றுக்கும் சட்டம் தடை விதித்தது என்பது எல்லோரும் அறிந்ததே. அறிந்தும், பயணப் பைக்குள் அவை எப்படியோ ஏறிவிடுகின்றன. நெருப்பு பற்றாவிட்டால் அந்தப் பொலித்தீனையே கொளுத்தி, அதன் நச்சுப் புகையில் மீனைச் சுடுகிற அநியாயத்தையும் கண்டிருக்கிறேன்.

லாகுகலை, பாணமை, உகந்தை என்று நம்மவர் கூடாரமடிக்கும் பிரதேசமெல்லாம் யானையின் வழித்தடம். யானைக்கு உப்பின்மேல் உள்ள ஆசை பிரசித்தமானது. உப்பும் ஆணமும் ஊறிய லஞ்ச் சீட்டை அது சோற்றோடு சேர்த்தே விழுங்கும், பிரித்தெடுத்து உண்ண அதற்குத் தெரியாது. விழுங்கியது செரியாது. அது குடலை அடைத்துவிட்டால், தீனி இறங்காமல், அவ்வளவு பெரிய சரீரம் நாட்கணக்கில் மெலிந்து சாகும். இது கற்பனையன்று. நம் மாவட்டத்துப் பள்ளக்காட்டில், சுற்றியுள்ள 9 ஊர்களின் குப்பை கொட்டப்படும் திடலில் மேய்ந்த யானைகளில் சுமார் 20, எட்டு ஆண்டுகளுக்குள் மாண்டுபோயின என்று 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளெல்லாம் படத்தோடு எழுதின. இறந்த யானைகளை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் வயிற்றில் கண்டவை பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், வேறு பிளாஸ்டிக்கும். அத்திடலைச் சுற்றி முன்பு ஒரு மின்வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி அது பழுதாயிற்று.

இதைச் சொன்னால், “நாங்கள் குப்பையைக் காட்டில் போடுவதில்லை, பையில் கட்டி ஊருக்கே கொண்டு வந்துவிடுகிறோம்” என்று நல்ல பிள்ளைகள் சிலர் பதில் சொல்கிறார்கள். சந்தோஷம். ஊருக்குக் கொண்டுவந்த பை அதன்பின் எங்கே போகிறது? குப்பை வண்டியில் ஏறி, யானை வந்து மேயும் ஏதோ ஒரு திடலுக்குத்தானே? காட்டிலே நேராகக் கொடுக்காததை ஊர் சுற்றிக் கொடுப்பதில் யானைக்கு என்ன லாபம்? ஆகவே, கொண்டு வருவதைப் பற்றிய பேச்சை விட்டு, கொண்டு போகாமல் இருப்பதைப் பற்றியே யோசிக்கவேண்டும்.

அதற்கு வழி நம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. ஆறு பேர் வட்டமாக அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரே சஹனில் கைவைத்து உண்ணும் வழக்கத்தையுடைய நமக்கு, லஞ்ச் சீட் எதற்கு? அகன்ற சஹன் ஒன்றில் சோற்றைக் கொட்டி, நடுவே ஆணத்தை ஊற்றி, ஓரத்தில் சுட்ட மீனையும் சம்பலையும் வைத்தால், எட்டுத் தட்டுக்குப் பதில் ஒரு பாத்திரம் கழுவினால் போதும், தண்ணீரும் மிச்சம். சமைக்கும்போது காய்கறி நறுக்க அதுவே பலகை, மாப் பிசைய அதுவே பாத்திரம், தணலை விசிற அதுவே விசிறி. சஹனில் உண்டு பழகாத நண்பர்கள் கூட வந்தால், குளத்துத் தாமரை இலையோ வாழை இலையோ இருக்கிறது. அது யானை தின்றாலும் செரிக்கும். மிச்சச் சோற்றைக் கூடாரத்துக்கு அருகில் வைக்காமல், பொழுதோடு உண்டு முடித்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது மனிதர்க்கும் பாதுகாப்பு. தணலை மணலால் மூடிவிட்டு வராதீர்கள். மணலுக்கடியில் அது பல மணி நேரம் உயிரோடிருந்து, மறுநாள் அவ்வழியே வெறுங்காலோடு ஓடிவரும் மீனவப் பிள்ளையின் பாதத்தைப் பொசுக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்த பின்னரே இடத்தை விட்டு நகருங்கள்.

அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் வாலிபர்களிடம் கேட்டுக்கொள்வது இதுவே: கூடாரத்தை வாடகைக்கு எடுங்கள், வேனை வாடகைக்கு எடுங்கள், சஹனை மாத்திரம் உம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், லஞ்ச் சீட் கட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.