மணமிழந்த மூக்கும் குத்தூசி மருத்துவமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எஃகு உருக்கும் உலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் இயங்குகின்றன. அங்கே பணிபுரிவோர்க்கு மூக்கு வெறும் மூச்சுவழி அன்று, காவலும் ஆகும். கழிவுநீர்த் தொட்டிகளில் ஊறும் ஐதரசன் சல்பைடு வளி, காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு நூறு பங்கை எட்டினாலோ மணித்துளிகளில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் அடங்கியதால் வளியும் அகன்றது என்றெண்ணித் தொட்டிக்குள் இறங்குவது உயிரைப் பறிக்கும். அடுப்பெரிக்கும் வளிக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்றே மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். நுகரும் ஆற்றல் அற்றவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் வீண்.

ஆகவே சளிக்காய்ச்சலுக்கோ கொரோனாவுக்கோ பின் மணம் திரும்பாதவர் குத்தூசி மருத்துவரை நாடுவதில் வியப்பில்லை. அக்குபங்சர் என்று நாம் அறிந்த இம்முறையை 1950களின் இறுதியில் சீனத்தில் பயின்று இந்தியாவுக்குக் கொணர்ந்தவர், 1938இல் அந்நாட்டுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் ஒருவரான கல்கத்தா மருத்துவர் பிஜோய் குமார் பாசு. மூக்கிதழ் கன்னத்தோடு சேரும் பள்ளத்தில், மயிரிழையன்ன எஃகு ஊசியை மேல்நோக்கிச் சரிவாகச் செருகுவார்கள். கண்ணில் நீர் துளிர்க்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசையிலும் ஓர் ஊசி ஏறும். ஏறத்தாழ அரைமணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

அந்த ஊசி எதைத் தொடுகிறது? மணத்தை அறியும் நரம்பணுக்கள் மூக்கின் கூரையில் இருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடை எலும்பின் துளைகள் வழியே மூளைக்குச் செல்கின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. இவ்வேற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். கன்னத்து ஊசியோ அந்நரம்பின் அருகே செல்வதில்லை. அது தீண்டுவது முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பை. அம்மோனியாவின் எரிச்சலும் தைலத்தின் குளிர்ச்சியும் அந்நரம்பின் வழியேதான் தெரிகின்றன. இங்கேதான் ஏமாற்றம் நேர்கிறது. அம்மோனியா சுள்ளென்று ஏறுவதால் தம் மூக்குக்குப் பழுதில்லை என்று நம்பும் தொழிலாளி, மணவுணர்வை அறவே இழந்தவராகவும் இருக்கலாம். ஊசிக்குப் பின் மூக்கடைப்பு விட்டதுபோல் தோன்றுவதாலேயே மணம் மீண்டது என்றும் கொள்ள இயலாது.

செர்மனியின் கொலோன் நகரில் நிகழ்ந்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. தொற்றுக்குப் பின் மணமிழந்த 15 பேருக்கு வாரம் ஒருமுறை, அரைமணி வீதம், பத்து வாரம் குத்தூசி மருத்துவம் அளித்தனர். 8 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வைட்டமின் பி கொண்ட பிரிவில் 2 பேருக்கே தெரிந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் 15 பேர் மிகச் சிறு தொகை. பொய்யூசி கொண்டு ஒப்பிடவும் இல்லை. இதைச் சான்றாகக் காட்டிக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வது, என் நோக்கில், நேர்மையன்று. நுகர்வு நரம்பணுக்கள் அடியிலுள்ள முதலுயிரணுக்களிலிருந்து வாழ்நாள் முழுதும் புதிதாய் முளைப்பவை. கொரோனா நச்சுயிரி தாக்குவதும் பெரும்பாலும் அவற்றைத் தாங்கும் துணையணுக்களையே. எனவே பலருக்கு மணம் தானே திரும்புகிறது. பத்து வாரத்தில் இயற்கை செய்த பணிக்கு ஊசி பெயர் வாங்கிக்கொள்ளவும் கூடும்.

இதைவிட உறுதியான சான்று உள்ள வழி, செலவும் குறைந்தது. டிரெசுடன் நகரின் தாமசு கும்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட மணப்பயிற்சியில் ரோசா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டசு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகரவேண்டும். பன்னிரண்டு வாரம் விடாது செய்தோரில் முன்னேற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. கிராம்பும் எலுமிச்சையும் அஞ்சறைப்பெட்டிக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் புதியவை அல்ல.

ஆனால் தொற்றினால் வந்த இழப்புக்கு உரிய வழி இது. மூக்கினுள் சதை வளர்ந்து அடைத்திருந்தால் அதை அகநோக்கிக் குழாயால் பார்த்தறிந்து நீக்கவேண்டும். தலையில் அடிபட்டு இழையறுந்தால் மீட்சி அரிது. ஆலைப்புகையால் வருவது இன்னொரு வகை. காட்மியத் தூசியைப் பல்லாண்டு சுவாசித்த மின்கலத் தொழிலாளரிடம் மணவுணர்வு மங்குவதை 1950 வாக்கிலேயே சுவீடனின் லார்சு பிரைபர்க் பதிவு செய்தார். திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் குத்தூசி நிலையத்துக்குப் போனாலும், எந்த ஆலையில் எந்தப் புகை நடுவே எத்தனை ஆண்டு நின்றோம் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குத் திரும்பும் நாளில் மேற்பார்வையாளரிடமும் சொல்லவேண்டும்; வளிக்கசிவை ஒலியால் அறிவிக்கும் கருவி மணமிழந்தவருக்குக் கட்டாயம் தேவை.